அமுதசுரபி கிடைத்த ஊர் மதுரை

மதுரை என்றால் சைவம், மலைகளில் கொஞ்சம் சமணம், அதோடு சரி என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். பௌத்தம் என்றதும் காஞ்சிபுரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் கைகாட்டிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. பசியை நோய் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவருடைய ஆபுத்திரன் கதையை நம்மூர்க்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். தாய் கைவிட்ட பிள்ளை, அந்தணர் வீட்டில் வளர்ந்தவன். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போனான். பிடித்து அடித்தார்கள். வளர்த்தவரும் விரட்டிவிட்டார். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அப்புறம் அவன் வந்து சேர்ந்த ஊர் மதுரை.

இங்கே கலைமகளான சிந்தாதேவியின் கோயில் வாசலில் தங்கினான். வீடு வீடாகப் போய்ப் பிச்சை வாங்கிவந்து, 'காணார் கேளார் கால்முடப் பட்டோர்' என எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட்டான். மிச்சத்தைத்தான் தான் சாப்பிட்டான். ஒருநாள் மழை இருட்டில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்து நின்றபோது, அந்தக் கலைத்தெய்வம் தன் கையிலிருந்த, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தைக் கொடுத்தது. 'நாடு வறங்கூரினும் இவ்வோடு வறங்கூராது', அதாவது நாடே வறண்டாலும் இந்த ஓடு வறளாது என்றது. பின்னாளில் புத்தரின் பிறந்தநாளான வைகாசி விசாகத்தில் காப்பியத்தின் நாயகி மணிமேகலை கைக்கு வந்ததும் இதே பாத்திரம்தான். பௌத்தக் காப்பியத்தின் உயிரான பொருளை நாவில் உறையும் தேவி தருகிறாள், அதுவும் மதுரையில் வைத்து!

வேதத்தை ஏற்கும் மதமும் பௌத்தமும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தச் சமரசப் பேச்சில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. நிலையான ஆன்மா உண்டு, அது வினை தீர்ந்து வீடுபெறும் என்பது ஒரு பக்கம். அப்படி நிலையாக எதுவுமே இல்லை, எல்லாம் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது என்பது மறுபக்கமான பௌத்தம். வேள்வியில் உயிரைப் பலியிடலாமா என்பதில் கடுமையான சண்டையே இருந்திருக்கிறது. ஆபுத்திரன் பட்ட அடி அந்தச் சண்டையில் விழுந்த அடிதானே?

ஆனால் சாதாரண ஜனங்கள் தத்துவத்தைக் கேட்டு ஒரு சமயத்தை ஏற்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எதற்காக? மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்வதற்காக. 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்ற அடி மணிமேகலையில் வருகிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து, நீர்நிலைகளைப் பெருக்கு என்று சொல்லும் புறநானூறு 18ஆம் பாட்டிலும் அதே அடி வருகிறது. மருந்தும் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள் பேச்சைத்தான் ஊர் காதில் வாங்கியிருக்கும்.

மதுரையைப் பாடும் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியில் பிள்ளைகளை அணைத்தபடி பூவும் புகையுமாகப் பௌத்தப் பள்ளிக்கு, அதாவது வழிபாட்டு இடத்துக்கு, போகும் பெண்கள் வருகிறார்கள். அடுத்தே அந்தணர் பள்ளியும் சமணப் பள்ளியும் வருகின்றன. நம் ஊரைப் பற்றி இவ்வளவு தெளிவான சாட்சி இருக்கும்போது, பௌத்தம் யாரோ வெளியூர்க்காரர் சமாச்சாரம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அநியாயம். மதுரைப் பள்ளிக்கூடங்களில் ஆபுத்திரன் கதையை, அவன் பட்ட அடியையும் மறைக்காமல், முழுசாகச் சொல்லுங்கள்.