கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

தமிழாய்வுக் கருத்தரங்கு ஒன்றில், நூல்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் கணினியின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி எண்ணிக் காட்டினான் ஒரு பையன். அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், நான் மறுபடி பகிரப் போவதில்லை. "கறுப்புத் திரையில எதையோ தட்டினா அது ஆய்வாயிடுமா தம்பி?" என்றார் தலைமை வகித்தவர். அரங்கமே சிரித்தது. அவர் என் மதிப்புக்குரியவர். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

ஐயா, அந்தப் பையன் வித்தை காட்டவில்லை. எப்படி எண்ணினான் என்பதைக் காட்டினான். இந்தச் சொல் இத்தனை இடங்களில் வருகிறது என்று நாமெல்லாம் எழுதுகிறோமே, எப்படி எண்ணினீர்கள் என்று எவராவது கேட்டதுண்டா? தேடல் பெட்டியில் தட்டியது பெட்டியோடு போயிற்று. கட்டளை ஒரே வரி. பின்னிணைப்பில் போட்டால் நானும் ஓட்டிப் பார்ப்பேன், தப்பென்றால் தப்பென்று சொல்வேன்.

தப்பு வரும், நிறையவே வரும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளை இறக்கி, கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையில் 'மைனஸ் சி' (-c) போட்டு எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சொல்லை எண்ணாது, வரியை எண்ணும். ஒரே வரியில் சொல் இரண்டு முறை வந்தாலும் கணக்கு ஒன்றுதான். சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் தனி வரியாகத் தரும் 'மைனஸ் ஓ' (-o) போட்டு, வருவதை வரிகளை எண்ணும் 'டபிள்யூசி மைனஸ் எல்'லுக்கு (wc -l) அனுப்ப வேண்டும். 'கல்' என்று தேடினால் பகலும் கல்வியும் சேர்ந்து வரும், கற்கள் வராது. இதை எந்த மென்பொருளும் உங்களுக்காக யோசிக்காது. தமிழ் படித்தவர்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 'கொ'வில் இருக்கும் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கிரெப்புக்கு வேறு வேறு. அதனால் எண்ணுவதற்கு முன்பே 'யூகான்வ்' (uconv) என்ற மாற்றுக் கருவி கொண்டு எல்லாக் கோப்புகளையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பையன் மாற்றியிருந்தான். இரண்டாவது ஸ்லைடிலேயே இருந்தது.

என்எஃப்சியும் தீர்க்காத ஒன்று உண்டு. கௌரவத்தில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டி 'கெளரவம்' என்று வைத்திருப்பார்கள். எழுத்தை மாற்றும் 'செட்' (sed) கட்டளையை மொத்தமாகப் போட்டு மாற்றினால் 'தெளிவு' உடைந்துபோகும். சொற்பட்டியல் வைத்து, அந்தந்தச் சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். அவன் பட்டியலையும் இணைத்திருந்தான். அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

"எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸா படித்தோம்?" என்பீர்கள். தொல்காப்பிய நூற்பாவை மனப்பாடம் செய்தவருக்கு நான்கு கட்டளை பாரமா? "ஆங்கிலக் கட்டளை தமிழாய்வுக்கு எதற்கு?" என்பீர்கள். நீங்கள் தட்டச்சு செய்யும் மென்பொருளின் பட்டிகள் எந்த மொழியில் இருக்கின்றன? தமிழில் நல்ல கையேடு குறைவு என்கிறவர்களோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. அது உண்மைதான்.

என்னைக் கோபப்படுத்தியது மேடையில் அடுத்து வந்த வார்த்தை: "இலவசமா கிடைக்கிறத நம்பி..." கிரெப் 1970களிலிருந்து இருக்கிறது. காசு கொடுத்த மென்பொருள் காப்பாற்றும் என்றால் இங்கிலாந்தைக் கேளுங்கள். 2020 அக்டோபரில் பழைய எக்செல் கோப்பின் 65,536 வரி வரம்பில் முட்டி, கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் விடுபட்டார்கள். மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் செப்டம்பர், மார்ச் என்று தேதியாகவே மாற்றித் தொலைக்கிறது என்று அதே காலத்தில் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. அதற்காக நம் மேடைகளில் யாரும் எக்செலைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

எக்செலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கட்டணம் கட்ட வழியில்லாமல் திருட்டுப் பிரதி வைத்துக்கொண்டு, வைரஸுக்கு ஒரு அத்தியாயத்தையே பறிகொடுத்த மாணவர்களை உங்களுக்கும் தெரியும். அவர்களை யாரும் மேடையில் நிறுத்திச் சிரிப்பதில்லை. அது நமக்குப் பழகிப்போன விஷயம்.

அந்தப் பையனின் கோப்புகள் பொதுவில்தான் இருக்கின்றன. சிரித்தவர்களில் ஒருவராவது இறக்கி, ஓட்டி, எண் தப்பென்று காட்டுங்கள். காட்டினால் முதலில் பகிர்வது நான்தான்.