அம்மா போட்ட ரப்பர் பேண்டு

அம்மாவுக்குக் கண்புரை முற்றி, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த சமயம். குளியலறையில் ஷாம்பு பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்டு ஒன்று சுற்றியிருந்தது. பக்கத்தில் பேத்தி வாங்கி வைத்த கண்டிஷனர். அதே கம்பெனி, அதே உயரம், அதே மூடி. "தலையில தண்ணி ஊத்துனப்புறம் எது எதுன்னு தெரிய மாட்டேங்குது. ரப்பர் போட்டிருந்தா ஷாம்பு" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் இதே ரப்பர் பேண்டைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன், ஜப்பானில் நடந்த கதையாக.

அங்கே காவோ என்ற நிறுவனத்துக்கு, ஷாம்புவையும் ரின்ஸையும் (நம் கண்டிஷனர் மாதிரி) பிரித்தறிய முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் பார்வையற்றோர் பள்ளிக்கே போய் விசாரித்தார்கள். அங்கிருந்தவர்கள் ரப்பர் பேண்டு சுற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பார்வை உள்ளவர்களும் நுரை கண்ணில் படாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாட்டிலைத் தேடுகிறார்கள் என்பதும் தெரியவந்தது. 1991இல் காவோவின் ஷாம்பு பாட்டில் பக்கவாட்டில் வரிவரியாகச் சிறு மேடுகளோடு வந்தது. ரின்ஸ் பாட்டில் வழுவழுவென்றே இருந்தது. தொட்டாலே தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. அந்த வரிக்கு உரிமை கேட்டுப் போட்டிருந்த விண்ணப்பத்தை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டு, மற்ற கம்பெனிகளையும் இதையே போடச் சொன்னார்கள். ஒருவர் ஷாம்புவிலும் இன்னொருவர் ரின்ஸிலும் வரி போட்டால் பழைய குழப்பமே தேவலை என்றாகிவிடும் அல்லவா? போட்டிக் கம்பெனியின் பாட்டிலை வாங்குகிறவரும் தடுமாறக் கூடாது என்று ஒரு வியாபாரி யோசித்திருக்கிறார்.

கையையும் மூக்கையும் நம்பிச் செய்த வியாபாரம் நம் ஊரிலும் உண்டு. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கும் யோசனை கடலூர் சின்னி கிருஷ்ணனுடையது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி, அப்பாவின் பெயரிலிருந்தே 'சிக்' என்று ஷாம்புவுக்குப் பெயர் வைத்தார். ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் தலை அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். பிறகு மல்லிகை, ரோஜா மணத்தில் ஷாம்பு வந்தது, விற்பனை எகிறியது. பூ வைத்துப் பழகிய தலைக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்?

இவ்வளவு தெரிந்த ஊரில்தான் மாத்திரை அட்டை இப்படி இருக்கிறது என்பது எனக்கு ஆறவே இல்லை. அம்மாவுக்குப் பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், இரண்டு அட்டையும் வெள்ளிநிறம். பெரும்பாலான அட்டைகளில் காலாவதித் தேதி ஒரு ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். பத்து நாளைக்கு நாலு மாத்திரை குறைகிறது என்று கேட்டால் கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறார். தேதி அவரிடம், மாத்திரை நம்மிடம். போன மாதம் இப்படி வெட்டிய துண்டில் மருந்தின் பெயரே பாதிதான் இருந்தது. அம்மா அதையும் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நான் பார்த்திராவிட்டால்?

2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்துப் பிராண்டுகளுக்கு பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். போலி மருந்தைக் கண்டுபிடிக்க நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டிய துண்டில் கோடும் இருக்காது. இருந்தாலும் எழுபது வயதுக்காரர் ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுத்து ஸ்கேன் செய்யப்போவதில்லை. அட்டையின் முன்பக்கத்தில் பிராண்டுப் பெயரைப் பளபளவென்று போடத் தெரிந்தவர்களுக்கு, ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயரையும் தேதியையும் அச்சிடுவது தெரியாத வித்தையா?

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது செய்தித்தாளே படிக்கிறார். ரப்பர் பேண்டை மட்டும் கழற்றவில்லை. கேட்டால், "கண்ணைத் தொறந்துக்கிட்டா தலைக்குக் குளிக்கிறேன்?" என்கிறார். மாத்திரை டப்பாவில் பிரஷர் அட்டைக்கும் ஒன்று சுற்றியிருக்கிறார்.

மருந்து அட்டை வடிவமைக்கும் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மாத்திரைக்கு மாத்திரை தேதி போட என்ன தடை என்று கீழே சொல்லுங்கள்.