அதிர்வு மெஷினும் அத்தான் இடுப்பும்

மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் போன மாதம் ஜிம்மில் சேர்ந்தான். அங்கே 'வைப்ரேஷன் பிளேட்' என்று ஒரு அதிரும் மேடை இருக்கிறதாம். "பத்து நிமிஷம் ஏறி நின்னா போதும் மாமா, ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ண மாதிரி" என்றான். அதற்குத் தனிக் கட்டணம் வேறு.

சரி, பார்த்துவிடுவோம் என்று நானும் போய் ஏறினேன். 30 ஹெர்ட்ஸ் வைத்தார்கள். அதாவது நிமிடத்துக்கு 1,800 ஆட்டம். முட்டியை விறைத்து நின்றபோது மூக்குக் கண்ணாடி நழுவியது, பல் கடகடத்தது. கொஞ்சம் குந்தினதும் ஆட்டம் தலைக்கு ஏறாமல் தொடையோடு நின்றுகொண்டது. இறங்கிய பிறகு ஆடுசதையில் ஒரே அரிப்பு.

விஷயம் முழுப் பொய் இல்லை. அதிரும்போது தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் தூண்டப்பட்டு, தசை தானாகவே சுருங்குகிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் பயிற்சிப் பழக்கமில்லாத 67 இளம்பெண்களிடம் 12 வாரம் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். அதிர்வுக் குழுவுக்கு முட்டியை நீட்டும் தசையின் பலம் 16.6 சதவீதம் கூடியது. எடை தூக்கிய குழுவுக்கு 14.4. பேருக்கு மட்டும் அதிர்ந்த மேடையில் அதே பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. ஆக, அதிர்வுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் சும்மா நிற்கவில்லை. வாரம் மூன்று நாள் மேடையில் குந்தி எழுந்தார்கள். எடை தூக்கினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால் தனிக் காசு எதற்கு?

என் எரிச்சல் வேறு. இவன் அப்பா, என் அத்தான், இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறார். குறுவைக்குச் சேறடிக்கும் நாளில் சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டி, வரப்பேறி இறங்கி, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை சீட்டிலேயே. அந்தக் குலுக்கல் நொடிக்குச் சில தடவைதான். ஆனால் முதுகெலும்பும் கூடவே சேர்ந்து அதிகமாக ஆடுவது அந்த வேகத்தில்தான், 4, 5 ஹெர்ட்ஸ் பக்கம். உட்கார்ந்திருப்பவருக்கு முட்டி மடக்கித் தப்பிக்க வழியேது? ராத்திரியானால் அக்கா தைலம் தேய்க்கிறாள். அந்தக் கூலியில்தான் மகன் காசு கட்டி அதிர்கிறான்.

"20 கிலோ நெல்லைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக் குந்தி எழுடா" என்றேன்.

"சாக்கோட ஸ்டேட்டஸ் போட முடியுமா மாமா?" என்கிறான்.