ரெண்டு நிமிஷ வேலைதானடா

பக்கம் 87-க்கு அடுத்த பக்கம் என்னங்க? எல்கேஜி புள்ளைய நடுராத்திரி எழுப்பிக் கேட்டாக்கூட 88னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கும். எங்கக்கா தீசிஸ்ல 1. ஆமா, 85, 86, 87, அப்புறம் 1, 2, 3. இதைக் கண்டுபிடிச்சது அவளோட கைடு, கண்டுபிடிச்ச நேரம் சாயங்காலம் 6 மணி, சப்மிட் பண்ண வேண்டியது மறுநாள் காலைல. உடனே போன் யாருக்கு வரும்? ஒவ்வொரு வீட்லயும் "கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்"னு ஒரு பலியாடு இருக்குமே, அதுக்குத்தான். நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ்ங்க. அதை இத்தனை வருஷமா சொல்லியும் எங்க வீட்ல கரண்ட்ல ஓடுறது எல்லாமே என் டிபார்ட்மென்ட்தான், மிக்சி உட்பட.

"டேய் தம்பி, பேஜ் நம்பர் மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போடா. உனக்கு ரெண்டு நிமிஷ வேலைதானடா. டீ போட்டுத் தரேன்."

ரெண்டு நிமிஷம். நான் எந்திரிச்சப்ப மணி 2:40. டீ இன்னும் வரல.

ஃபைலை எம்எஸ் வேர்ட்ல திறந்தேன். 214 பக்கம். எந்த டாகுமென்ட்டா இருந்தாலும் நான் முதல்ல பண்றது கண்ட்ரோல் ஷிப்ட் 8. மறைஞ்சு கிடக்குற குறியெல்லாம் வெளிய வரும், கண்ணாடில பாத்த பி மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அது. அமுக்கின உடனே ஸ்க்ரீன் பூரா எறும்புப் புத்தை மிதிச்ச மாதிரி ஆயிருச்சு. ஒவ்வொரு சாப்டர் முடிஞ்சதும் அடுத்த பக்கத்துக்குப் போறதுக்கு என்டர், என்டர், என்டர். ஒரு இடத்துல எண்ணிப் பாத்தேன், 19 என்டர். கண்ட்ரோலைப் புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு என்டர் தட்டுனா அடுத்த பக்கம்னு இந்த நாட்ல யாருக்குமே யாருமே சொல்லித் தரலையா? மேல ஒரு வரி சேத்தா 19 என்டரும் சேந்து கீழ இறங்குது, சாப்டர் தலைப்பு பக்கத்தோட நடுவுல வந்து திருவிழால தொலைஞ்ச புள்ள மாதிரி நிக்குது. தலைப்பை நடுவுல கொண்டுவர சென்டர் பட்டன் இருக்கு, அதையும் தொடல, ஸ்பேஸ் பார்லயே தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தியிருக்கா.

பொருளடக்கத்தைச் சொல்லவே இல்லையே நான். தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவுல புள்ளி புள்ளியா போகும்ல? அதைக் கையால டைப் பண்ணியிருக்கா. இன்ட்ரடக்ஷனுக்கு அப்புறம் 61 புள்ளி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு அகலம், எத்தனை புள்ளி வச்சாலும் வலது ஓரம் எப்படிங்க நேரா வரும், அந்த நம்பரெல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி கோணிக்கிட்டு நிக்குது. "அதை மட்டும் தொட்றாதடா, நாலு நாள் உக்காந்து போட்டேன்"ங்கிறா. நாலு நாள்! ஹெட்டிங் 1, ஹெட்டிங் 2ன்னு ஸ்டைல் குடுத்திருந்தா பொருளடக்கம் தானா வந்திருக்கும், எஃப்9 அமுக்குனா நம்பர் தானா மாறியிருக்கும், பக்கவாட்டுல நேவிகேஷன் பேன்ல சாப்டர் சாப்டரா தாவிப் போயிருக்கலாம். நான் அந்த பேனைத் திறந்தா காலி. வேர்டைப் பொறுத்தவரைக்கும் 214 பக்கத்துல ஒரு தலைப்புகூட கிடையாது, ஏன்னா எல்லாமே சாதா எழுத்தை போல்டு பண்ணி 16 சைஸ் ஆக்குனது. அப்ப 87-ம் பக்கத்துக்கு எப்படிப் போறது? நான் மவுஸ் சக்கரத்தை உருட்டித்தான் போனேன். கிணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி. (ஷிப்ட் எஃப்5 அமுக்குனா கடைசியா வேலை செஞ்ச இடத்துக்கே கூட்டிட்டுப் போகும், தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க, இந்த ராத்திரில எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல விஷயம் அதுதான்.)

சரி, 87. அதுக்கு அடுத்த பக்கத்துல 11 காலம் (நெடுவரிசை) உள்ள ஒரு டேபிள். நேரா நிக்குற பக்கத்துல அடங்காதுன்னு டிடிபி சென்டர்ல அந்த ஒரு பக்கத்தை மட்டும் படுக்க வச்சிருக்காங்க. தப்பில்ல. அதுக்கு முன்னாடி ஒரு செக்ஷன் பிரேக் (இங்க இருந்து வேற செட்டிங்னு டாகுமென்ட்டைப் பிரிக்கிற கோடு), பின்னாடி ஒரு செக்ஷன் பிரேக் வேணும், அதுவும் போட்டிருக்காங்க. ரெட்டைப் புள்ளிக் கோடா, நடுவுல பேரு எழுதி, தேமேன்னு கிடக்கு. நான் பாத்தேன். முன்னாடி இருக்குற இதுதான் வில்லன், இது வந்ததாலதான் நம்பர் 1-ல ஆரம்பிக்குதுன்னு முடிவு பண்ணேன். கர்சரை அது மேல வச்சேன். டெலீட் அமுக்குனேன்.

அந்த டெலீட்டைத்தான் மக்களே இன்னும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். ஆள்காட்டி விரல், ஒரே ஒரு தட்டு. அமுக்கிட்டு நான் கீழ பக்க எண் நிக்குற ஃபுட்டரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நம்பர் 88 வந்துருச்சு. "அக்கா, முடிஞ்சது பாரு!" அவ சமையல்கட்டுல இருந்து ஓடிவந்து, 88-ஐப் பாத்து, சாமியப் பாத்த மாதிரி கன்னத்துல போட்டுக்கிட்டு, எனக்கு முன்னாடி கையை விட்டு சேவ் பண்ணி, க்ளோஸும் பண்ணிட்டா. "கரண்ட் போயிருமோன்னு பயந்துட்டேன்டா." லேப்டாப்க்கா அது!

சும்மா ஒருதடவை பாத்துருவோமேன்னு திரும்பத் திறந்தேன். முதல் சாப்டர் படுத்திருக்கு. ரெண்டாவது, மூணாவது, நாலாவது, எல்லாம் வரிசையா படுத்திருக்கு. ஒரு டேபிளுக்காக ஒரு பக்கம் படுத்துச்சு, அதைப் பாத்து அதுக்கு முன்னாடி இருந்த 87 பக்கமும் பந்தி முடிஞ்ச மதியம் மாதிரி உருண்டு படுத்துருச்சு. கண்ட்ரோல் இசட் அமுக்குறேன், ஒண்ணும் நடக்கல, மூடித் திறந்தா அதோட ஞாபகமெல்லாம் போச்சு.

ஏன் இப்படின்னு தெரியுமா? ஒரு செக்ஷனோட லட்சணம் மொத்தத்தையும், படுக்கையா நேரா, மார்ஜின் எவ்வளவு, நம்பர் எங்க இருந்துன்னு எல்லாத்தையும், அந்த செக்ஷனோட முடிவுல இருக்குற பிரேக்லதான் ஒளிச்சு வச்சிருக்காங்க. அந்தக் கோட்டை அழிச்சா மேல இருக்குறது அநாதையாகி, கீழ இருக்குறவனோட குணத்தை எடுத்துக்கும். என்னா டிசைன்டா இது? ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்குற சுவரை இடிச்சா, பின்னாடி ரூம் பெயிண்ட்டும் ஃபேனும் பரணும் ஓடிவந்து ஹால்ல உக்காந்துக்குமா? மேஸ்திரி இப்படி ஒரு வீடு கட்டிக் குடுத்தா நாம விடுவோமா? அழிக்கிறதுக்கு முன்னாடி "தம்பி, 87 பக்கம் மாறும், பரவால்லையா"ன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? ஒரு ஸ்பெல்லிங் தப்பானா மட்டும் செவப்புல வளைவு நெளிவா கோலம் போடத் தெரியுது.

சரின்னு பிரேக்கைத் திரும்பப் போட்டு, மேல இருக்குறதை நேரா நிக்க வச்சேன். நின்னுச்சு. ஆனா படுக்கைல இருந்து நேரா திருப்பும்போது வேர்டு மார்ஜினையும் கூடவே திருப்பும், பைண்டிங்குக்காக இடது பக்கம் விட்டிருந்த ஒன்றரை இஞ்ச் அங்க இல்ல. அதைத் தேடி சரி பண்ணா, முன்னாடி நன்றியுரை, உறுதிமொழிக்கெல்லாம் ரோமன் நம்பர் இருக்கணுமே, அது காணோம். ஏன்னா "லிங்க் டு பிரீவியஸ்"னு ஒரு பட்டன். பக்கத்தோட மேல இருக்குற ஹெட்டருக்குத் தனி, ஃபுட்டருக்குத் தனி. அது ஆன்ல இருக்குறப்ப இங்க அழிச்சா அங்கயும் அழியும், அங்க போட்டா இங்கயும் முளைக்கும். நான் ஹெட்டர்ல மட்டும் அதை எடுத்துவிட்டுட்டு ஃபுட்டர்ல நம்பரை மாத்திக்கிட்டே இருந்திருக்கேன், நாப்பது நிமிஷம். அக்காவும் தம்பியும் ஜாடிக்கேத்த மூடி.

இதுக்கு நடுவுல தமிழ்ல இருந்த கேள்வித்தாள் பின்னிணைப்பு. டிடிபில பாமினி ஃபான்ட்ல (இங்கிலீஷ் எழுத்துக்கே தமிழ் உருவம் மாட்டிவிடுற பழைய ஃபான்ட்) அடிச்சிருக்காங்க, என் லேப்டாப்ல பாமினி இல்ல, "தமிழ்"னு இருக்க வேண்டிய இடத்துல ஜே கே பி ஓ, அப்புறம் ஒரு செமிகோலன் நிக்குது. அதை எந்த கம்ப்யூட்டர்லயும் தெரியுற யூனிகோடா மாத்துனது தனிக் கதை, வேணாம்.

கடைசில ஒரு காலிப் பக்கம். பின்னிணைப்புல கடைசியா ஒரு டேபிள், பக்கத்தோட அடி வரைக்கும் வருது, அதுக்கப்புறம் ஒண்ணுமே எழுதாத ஒரு வெள்ளைப் பக்கம். டெலீட் அடிக்கிறேன், பேக்ஸ்பேஸ் அடிக்கிறேன், மேஜையவே அடிச்சுட்டேன், போக மாட்டேங்குது. விஷயம் என்னன்னா டேபிளுக்கு அப்புறம் ஒரு காலி வரி இருந்தே ஆகணுமாம், அதை அழிக்கவே முடியாதாம். வழி? அந்தக் காலி வரியோட எழுத்து சைஸை 1 ஆக்கணும், லைன் ஸ்பேசிங்கை எக்ஸாக்ட்லி 1 பாயின்ட் ஆக்கணும், பின்னாடி விடுற இடத்தை ஜீரோ ஆக்கணும். விருந்தாளியை வெளிய அனுப்ப முடியலைன்னு அவரைச் சுருக்கி பீரோ சந்துல சொருகுற மாதிரி. நானும் சொருகுனேன், போச்சு. அந்த உற்சாகத்துல மேல சாப்டருக்கும் எக்ஸாக்ட்லி குடுத்துத் தொலைச்சேன், அங்க இருந்த மாவட்ட மேப் ஒரு வரி உயரத்துக்கு நறுக்கி, பல்லு தெரியுற மாதிரி ஒரு கீத்து மட்டும் தெரியுது. அதுக்கு ஒரு கால் மணி நேரம்.

எனக்கு கோவம் எங்க வருதுன்னா, அக்கா மூணு மாசம் காசு கட்டி எம்எஸ் ஆபீஸ் கோர்ஸ் போனவ. சர்டிபிகேட் பிரேம் போட்டு ஹால்ல தொங்குது. என்னடி சொல்லிக் குடுத்தாங்கன்னா, பேரை வேர்ட் ஆர்ட்ல வானவில் கலர்ல வளைச்சு எழுத, பக்கத்தைச் சுத்தி ஆப்பிள் படம் பார்டர் போட, மெயில் மெர்ஜ் பண்ண. வாழ்க்கைல யாருக்குடி நீ மெயில் மெர்ஜ் பண்ணுன? ஸ்டைல்னா என்ன, செக்ஷன்னா என்ன, ஒரு நாள் கிளாஸ் எடுத்திருந்தா ஊர்ல பாதி தம்பிங்க தூங்கியிருப்பாங்க.

ஒன்றரை மணிக்குத்தான் அது கண்ல பட்டுச்சு. ஃபுட்டர்ல நம்பர் மேல ரைட் கிளிக், ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ், அதுக்குள்ள கீழ ரெண்டு வட்டம். "ஸ்டார்ட் அட் 1"ல புள்ளி இருக்கு. அதுக்கு மேலயே "கன்டின்யூ ஃப்ரம் பிரீவியஸ் செக்ஷன்". அதுல புள்ளியை வச்சா 88. அவ்வளவுதான். எந்தக் கோட்டையும் அழிச்சிருக்க வேண்டியதே இல்ல. அக்கா சொன்னது சரி, ரெண்டு நிமிஷ வேலைதான். இதை இங்க சொல்றேன், அவகிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன்.

பிடிஎஃப் ஆக்கி காலைல ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனோம். வேர்டாவே குடுத்தா அவங்க சிஸ்டத்துல ஃபான்ட் இருக்காது, பேப்பரையும் அவங்க லெட்டர் சைஸுக்கு மாத்திட்டாங்கன்னா, ஏ4 297 மில்லிமீட்டர் உயரம், லெட்டர் 279, அந்த 18 மில்லிமீட்டர்ல ஒவ்வொரு பக்கத்துலயும் ஒண்ணு ரெண்டு வரி வழிஞ்சு எல்லாம் மறுபடி முதல்ல இருந்துன்னு நான் உஷாரா இருந்தேன். பிரிண்ட் எடுத்து, சூடு ஆறாம கைடுகிட்ட குடுத்தா. அவர் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு 87, 88 திருப்பினார். புக்கைத் திருப்பிப் பாத்தார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, இந்த ஒரு டேபிள் மட்டும் எதுக்கு படுக்கையா இருக்கு? இந்த நாலு காலம் தேவையே இல்லையே. எடுத்துட்டு நேராவே போட்ருங்க."

அக்கா என்னைப் பாத்தா. நான் அக்காவைப் பாத்தேன். ரெண்டு பேரும் வராண்டால வந்து நின்னு சிரிச்சோம் பாருங்க, வாட்ச்மேன் வந்து தண்ணி வேணுமான்னு கேட்டார்.

அதெல்லாம்கூட விடுங்க. அந்த ஜெராக்ஸ் கடைல காசு அனுப்புற க்யூஆர் ஸ்கேனர் ஒர்க் ஆகலைன்னு கேஷ் வாங்கிட்டு, மீதி 3 ரூபாய்க்கு சில்லறை இல்லைன்னு மூணு மிட்டாயைக் கைல திணிச்சாங்க. ஏங்க, இதே மூணு மிட்டாயை நாளைக்கு நான் கொண்டுவந்து மூணு பக்கம் ஜெராக்ஸ் போடுங்கன்னா போடுவீங்களா? அதுவும் புதினா மிட்டாய்!