மெனு அட்டை ஆரின்ர கையில?

போன மாசம் கனடாவிலயிருந்து சித்தப்பா குடும்பம் வந்து நிண்டவை. கிளிநொச்சியில வானில ஏறி, முறிகண்டியில தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு, மத்தியானம் வவுனியாவில ஒரு இந்தியன் சாப்பாட்டுக்கடைக்குப் போனம். சித்தப்பாதான் ஓடர் குடுத்தவர். பட்டர் நாண், பனீர் பட்டர் மசாலா, கோழிப் புரியாணி, பட்டூரா, ஆளுக்கொரு மாம்பழ லஸ்ஸி. எட்டுப் பேருக்குப் பதினைஞ்சு பேரின்ர சாப்பாடு. அன்பிலதான் செய்தவர்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருசமாச் சீனி வருத்தம். எல்லாரும் கை கழுவ எழும்பின பிறகும் அவ எழும்பேல்லை. பனீர்க் கிண்ணத்தின்ர ஓரத்தில ஒட்டின குழம்பையும் எண்ணெயையும் கடைசி நாண் துண்டால வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. "விடுங்கோம்மா" எண்டன். "காசு குடுத்து வாங்கினதை எறியிறதே?" எண்டா. அடுத்த நாள் விடிய வெறுவயித்தில குத்திப் பாத்தா 238.

அம்மாவை நான் பிழை சொல்லமாட்டன். 2009இல சண்டைக்குள்ள உப்புக்கஞ்சிக்கு ஏனத்தோட நிண்டவ. பிறகு செட்டிகுளம் முகாமில சாப்பாட்டுப் பார்சலுக்கு வெயிலுக்குள்ள வரிசையில நிண்டவ. அந்தக் கைக்கு மிச்சம் விடத் தெரியாது. வன்னியில அந்த வயசுக்காரர் கனபேர் இப்பிடித்தான். "அளவாச் சாப்பிட்டிட்டு மிச்சத்தை விடுங்கோ" எண்டு கிளினிக்கில சொல்லுற புத்தி அவையிட்டைச் சரிவராது. மேசைக்கு வந்தது வயித்துக்குள்ள போகும். அப்ப, கவனிக்கவேண்டிய இடம் ஓடர் குடுக்கிற இடம்தான். அதாலதான் மெனு அட்டையைப் பிடிக்கிற பிள்ளையளுக்கும் வெளிநாட்டிலயிருந்து வாற சொந்தக்காரருக்கும் இதை எழுதிறன்.

பேரைப் பாத்தாலே பாதி விளங்கும். பட்டர், மக்கனி, மலாய், கோர்மா எண்டு வந்தா அதுக்குள்ள வெண்ணெய், கிறீம், அரைச்ச கஜு எண்டு ஏதோ ஒண்டு தாராளமா இருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலயே கிட்டத்தட்ட 120 கலோரி இருக்கு. மேல மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால அளந்து பாருங்கோ, விளங்கும். தந்தூரி எண்டா தயிரும் தூளும் பிரட்டி மண்ணடுப்பில சுட்டெடுக்கிறது. எண்ணெய் கனக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை சைவமெண்டா தால் மக்கனியை விட்டிட்டுத் தால் தட்கா எடுங்கோ. அது எங்கட தாளிச்ச பருப்புக்கறி மாதிரித்தான்.

நாண் வெள்ளைக் கோதுமை மாவில செய்யிறது, அதுக்கு மேல பட்டரும் பூசுவினம். தந்தூரி ரொட்டி ஆட்டா மா. "பட்டர் பூசாமல் தாங்கோ தம்பி" எண்டு கேட்டா, நாங்கள் போன கடையளில மறுக்காமல் தந்தவை. எங்கட ஆக்களுக்குக் கடையில வாய் திறந்து கேக்க ஒரு கூச்சம். காசு குடுக்கிறது நாங்கள், கேளுங்கோ. பட்டூரா எண்ணெயில பொரிச்சு ஊதின மா. அது வேண்டாம்.

லஸ்ஸியை ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை. சோடாப் போத்திலுக்காவது 2016இல இருந்து நிற அடையாளம் இருக்கு. 100 மில்லிலீற்றரில 11 கிராமுக்கு மேல சீனி எண்டால் சிவப்பு. கடையில அடிச்சுத் தாற லஸ்ஸிக்கு அப்பிடி ஒண்டுமில்லை. சீனி போடாமல் கேளுங்கோ, இல்லாட்டித் தண்ணி குடியுங்கோ.

இன்னொண்டு. இரவு கடைக்குப் போறம் எண்டு மத்தியானம் பட்டினி கிடக்க விடாதேங்கோ. இன்சுலின் ஏத்திறவைக்கும் சில குளிசை போடுறவைக்கும் சீனி இறங்கி மயக்கம் வரலாம். பசியோட போனா எல்லாரும் கூடத்தான் ஓடர் குடுப்பினம்.

சித்தப்பா ஆக்கள் திரும்பிப் போக முதல் இன்னொருக்கா அதே கடைக்குப் போனம். அட்டையை நான் வாங்கினன். தந்தூரிக் கோழி ரெண்டு தட்டு, தால் ஒண்டு, ஆளுக்கொரு ரொட்டி, வெள்ளரிக்காயும் வெங்காயமும் போட்ட ரைத்தா. புரியாணி ஒண்டே ஒண்டு, எல்லாருக்கும் பொதுவா. காணாட்டிப் பிறகு சொல்லலாம் எண்டன். காணும் எண்டிட்டினம். சித்தப்பாவுக்கு முதல்ல முகம் கொஞ்சம் சுருங்கினதுதான், பிறகு அவரே ரெண்டு தரம் ரைத்தா போட்டுச் சாப்பிட்டார்.

அம்மா தால் கிண்ணத்தை ரொட்டியால வழிச்சுத் துடைச்சுப்போட்டு, வெறும் தட்டுகளை ஒருக்காப் பாத்தா.

"இண்டைக்கு ஒண்டும் வீண்போகேல்லை."