போர்டு குத்தினா மட்டும் உங்க நிலமா?

மறுபடியும் ஒரு கராஜ் சேல் (வீட்டு வாசல்ல பழைய சாமான் விக்கிறது) போர்டைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. டெக்சஸ்ல டாலஸை ஒட்டின புறநகர்தான். சனிக்கிழமை காலை, பெர்மிட்டுக்குப் பணம் கட்டியாச்சு, தெருவுல இருந்து தெரியுற மாதிரி ஒட்டியாச்சு, மேசையும் போட்டாச்சு. நகராட்சி வண்டி வருது. அதிகாரி இறங்குறார். போர்டைப் பார்க்குறார். நடைபாதையைப் பார்க்குறார். ரெண்டு எட்டு பின்னால போய் மறுபடி போர்டைப் பார்க்குறார். போட்டோ எடுக்குறார். அப்புறம் ஏதோ வெடிகுண்டு மாதிரி ரெண்டு கையாலயும் மெதுவா உருவி, வண்டியில போடுறார்.

குத்தம் என்ன? நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற புல்லுல கம்பி குத்திட்டாங்களாம். அது நகரத்து நிலமாம்!

அந்தப் புல்லுக்குத் தண்ணி ஊத்துறது யாரு? வீட்டுக்காரர். வெட்டுறது? அவரேதான். 12 அங்குலத்தைத் தாண்டி வளர்ந்தா நோட்டீஸ் யார் பேருக்கு வருது? பதினோரு மாசம் ஊழியம் பார்க்க நம்ம நிலம், ஒரு போர்டு குத்தினா உங்க நிலமா?

நடைபாதைக்கு உள்பக்கம் குத்தினாலும் நிம்மதி கிடையாது. சில தெருவுல நடைபாதையைத் தாண்டியும் ஓரிரு அடி நகரத்துக்குத்தான் சொந்தம். வீடு வாங்கினப்போ கொடுத்த சர்வே வரைபடத்தை எடுத்து எல்லைக்கோட்டைப் பாருங்க. மின்கம்பம், ஸ்டாப் சைன் கம்பம் பக்கமே போகாதீங்க. மாநில நெடுஞ்சாலை ஓரமும் ஆகாது.

பல ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு சேல், தடவைக்கு அதிகபட்சம் தொடர்ந்து மூணு நாள். மழை கொட்டினா அந்த வாய்ப்பு போச்சுன்னு சொல்ற ஊரும் உண்டு, அதனால தேதி மாத்த முடியுமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. டெக்சஸ் மாநிலமே, சொந்த உபயோகத்துக்கு வாங்கின பொருளை வருஷம் 3,000 டாலர் வரைக்கும் வித்தா விற்பனை வரி வேண்டாம்னு விட்டுடுச்சு. 25 சென்ட் தட்டு விக்கிறவங்களை நகராட்சிதான் விடமாட்டேங்குது.

ஒரு தடையை மட்டும் திட்டமாட்டேன்: பக்கத் தடுப்புக் கம்பி கீழ இறங்குற குழந்தைத் தொட்டில். 2011 ஜூன்ல இருந்து நாடு முழுக்க விக்கத் தடை. குழந்தைங்க செத்திருக்கு. உடைச்சுக் குப்பையில போடுங்க.

குப்பைன்னதும் ஞாபகம் வருது, விக்காத சோஃபாவைப் பெரிய குப்பை எடுக்குற வாரத்துல அதே புல்லுல தூக்கிப் போடுங்க. பெர்மிட் வேண்டாம். ஒரு பய கேக்கமாட்டான்.

சரி விடுங்க. காலங்காத்தால ஐம்பது சென்ட் கரண்டிக்கு நூறு டாலர் நோட்டை நீட்டுறாங்களே, அந்த மகராசனுங்களுக்கு முதல்ல ஒரு பெர்மிட் வைங்கய்யா!