எத்தனை பிளேட்?

என் அப்பா வடசென்னை மண்ணடியில் அச்சகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் மெஷின்மேனாக இருந்தவர். நிறத்துக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு, என்று ஒரே தாளை நான்கு தடவை ஓட்டி முருகன் காலண்டர் அடித்த காலம் அது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகிற ரிஜிஸ்டர் மயிரிழை விலகினாலும் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்துவிடும். அச்சோவியக் கலைஞர் கிருஷ்ண ரெட்டி 1963-இல் செய்த ‘நீர்ச்சுழல்’ அச்சோவியத்தை அவரிடம் கைபேசியில் காட்டினேன். “எத்தனை பிளேட்?” என்றார். ஒன்றுதான் என்றேன். நம்பாமல் படத்தைப் பெரிதாக்கி, ஓரங்களில் நிறம் விலகியிருக்கிறதா என்று தேடினார்.

ரெட்டியை அரூபக் கலைஞர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அப்பாவின் கேள்வியிலிருந்துதான் அவரைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

1925-இல் சித்தூர்ப் பக்கம் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, 1947 முதல் 1949 வரை கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர். (அது தென்சென்னை அடையாறுதானே, வடசென்னைக்காரர்கள் நமக்கென்ன என்று ராயபுரத்தில் கேட்பார்கள், கேட்கட்டும்.) பிறகு லண்டன் வழியாகப் பாரிஸ் சென்று, ஆங்கிலேயக் கலைஞர் ஹேய்ட்டர் நடத்திய ‘அட்டெலியே 17’ அச்சோவியப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே கைகோ மோத்தி முதலியோருடன் சேர்ந்து உருவாக்கிய முறைதான், ஒரே தகட்டில் பல நிறங்களை ஏற்றி ஒரே தடவையில் அச்செடுப்பது.

அச்சகங்களில் ஓடும் ஆஃப்செட் முறையில் நீரும் எண்ணெய் இங்க்கும் ஒன்றையொன்று விலக்குவதை வைத்துப் பிழைக்கிறோம். ரெட்டியோ இங்க்கையும் இங்க்கையுமே விலக வைத்தார். தகட்டைச் சிற்பம் போல மேடும் பள்ளமுமாகக் குடைந்துகொண்டு, ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த இளகிய இங்க்கைக் கடினமான ரோலரால் மேட்டில் மட்டும் தடவி, அதன்மேல் கெட்டியான இங்க்கை மெத்தென்ற ரோலரால் உருட்டினால், அது இளகிய இங்க்கின்மீது ஒட்டாமல் பள்ளத்தில் போய்ப் பிடிக்கும். ஆகவே அந்தச் சுழல் வெறும் கற்பனைக் கோடன்று. தகட்டின் ஆழமே நிறமாகத் தாளில் ஏறியது.

இந்த வித்தையை அவர் பொத்திவைத்துக்கொள்ளவில்லை. பட்டறையின் இணை இயக்குநராகவும், பின்னர் நியூயார்க் பல்கலைக்கழக ஆசிரியராகவும், 2018-இல் மறையும்வரை நாடு நாடாகப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். 1972-இல் பெற்ற பத்மஸ்ரீயைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

நான் பார்த்த கண்காட்சி ஒன்றில் அச்சோவியங்களுக்குக் கீழே ஆண்டும் அளவும் மட்டுமே எழுதியிருந்தார்கள். அடுத்த முறை ஒரு தகட்டையும் இரண்டு ரோலர்களையும் பக்கத்தில் வைத்து, தொட்டுப் பார்க்க விடுங்கள். அதையும் சென்னை பிராட்வேக்கு இந்தப் பக்கம், அச்சகக்காரர்களும் வரும்படி ஞாயிற்றுக்கிழமையில், மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து வையுங்கள்.